ஊர் சுற்றும் நாணயம்

(நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழில் 'நாணயம்' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. கையில் ஒலிக்கின்ற காசும் நாணயம். வாக்கில் நிற்கின்ற நேர்மையும் நாணயம். "அவர் நாணயமானவர்" என்று ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது, அவர் பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பிறர் பொருள் அவர் கையில் இருந்தாலும் அது பத்திரமாகத் திரும்பி வரும் என்பதையே எண்ணுகிறோம். இவ்விரு பொருளும் ஒன்றாகக் கூடுகின்ற ஒரு விளையாட்டைப் பற்றி இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். விளையாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கி, நம் வீட்டுப் பெட்டிகளைப் பற்றிப் பேசி முடிக்கப் போகிறேன்.

அமெரிக்க நாடு அமைத்த செயற்கைக்கோள்கள் வானில் நின்று, நாம் பூமியில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதைக் கருவி வழியே கூறுகின்றன. அதனை ஜி.பி.எஸ். என்கிறார்கள். நெடுங்காலம் பொதுமக்களுக்குக் கிடைத்த குறிப்பு வேண்டுமென்றே மங்கலாக்கப்பட்டிருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்த மறைப்பை அமெரிக்க அரசு நீக்கியது. மே 3ஆம் நாள், ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருள்களை இட்டுக் காட்டுப்பகுதியில் வைத்து, அவ்விடத்தின் அகலாங்கு நெட்டாங்குகளைப் பிறருக்கு அறிவித்தார். தேடிக் கண்டுபிடிப்பவர், ஒன்றை எடுத்துக்கொண்டால் ஒன்றை வைக்க வேண்டும். அங்குள்ள ஏட்டில் தம் பெயரை எழுத வேண்டும். இவ்வளவே விதி. மூன்று நாளைக்குள் அந்த வாளியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்று அந்த விளையாட்டு 'ஜியோகேச்சிங்' என்னும் பெயருடன் உலகமெங்கும் பரவியிருக்கிறது. மறைத்து வைத்த பெட்டிகள் மட்டும் 30 லட்சத்துக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள்.

இந்த விளையாட்டின் ஒரு கிளைதான் நம் தலைப்பு. 2001ஆம் ஆண்டில் ஜான் ஸ்டான்லி என்பவர் இவ்விளையாட்டுக்கென்றே ஒரு நாணயத்தை அடித்தார். அது கடையில் செல்லுபடியாகாத நாணயம். அதைக் கொண்டு கத்தரிக்காய் வாங்க முடியாது. ஆனால் அதற்கு ஓர் எண் உண்டு. ஒருவர் அதனை ஒரு பெட்டியில் வைக்கிறார். வேறொருவர் அதை எடுக்கிறார். எடுத்த செய்தியைப் பொதுப் பதிவேட்டில் எழுதுகிறார். வேறோர் ஊருக்குப் போகும்போது அங்குள்ள பெட்டியில் அதை வைக்கிறார். அங்கிருந்து மூன்றாமவர் எடுக்கிறார். நாணயத்தை முதலில் விடுத்தவர் தம் வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே, தம் காசு எந்த மலை ஏறியது, எந்தக் கடல் தாண்டியது, யார் யார் கையில் தங்கியது என்பதை அறிந்துகொள்கிறார். "இந்தக் காசு கடலோர ஊர்களையே பார்க்க வேண்டும்" என்பது போன்ற ஒரு நோக்கத்தையும் அவர் அதற்கு விதிக்கலாம். முன்பின் அறியாதவர்கள் அந்த நோக்கத்தை நிறைவேற்றித் தருகிறார்கள்.

எண் பொறித்து ஊர் சுற்றவிடும் பொருள்களில் ஒன்று 2008ஆம் ஆண்டில் ரிச்சர்ட் கேரியட் என்னும் பயணியோடு விண்வெளி நிலையத்துக்குச் சென்றது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் செவ்வாய்க் கோளில் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தியிலும் அத்தகைய எண் பொறித்த ஒரு சிறு தகடு இருக்கிறது. கருவிகளைச் சரிபார்ப்பதற்காக ஊர்தி அத்தகட்டைப் படம் எடுத்து அனுப்ப, பள்ளிச் சிறுவர்கள் அந்த எண்ணைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். செவ்வாய் வரை சென்ற தகட்டுக்கும், பக்கத்துத் தெருப் பெட்டியில் கிடக்கும் காசுக்கும் பதிவேடு ஒன்றே.

இதில் நாம் கருத வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஒவ்வொரு நாணயத்துக்கும் இரண்டு எண்கள். ஒன்று, யாவரும் பார்க்கக்கூடிய எண். அதனைக் கொண்டு அதன் கதையைப் படிக்கலாம். மற்றொன்று, நாணயத்தின் மேல் பொறித்த எண். அது கையில் வைத்திருப்பவருக்கு மட்டுமே தெரியும். அதை அறிந்தவரே கதையில் ஒரு வரி சேர்க்க முடியும். ஆதலின் அந்த எண் தெரியும்படி படம் எடுத்து வெளியிடுவது முறையன்று என்பது அவர்களிடையே வழங்கும் ஒழுக்கம். 'படிப்பது எவருக்கும் உரியது. எழுதுவது தொட்டவருக்கே உரியது' என்று இதனை நாம் சுருக்கிச் சொல்லலாம்.

இவ்வளவு அழகான ஏற்பாட்டுக்கும் ஒரு பகை உண்டு. அது ஆசை. வண்ணப்பூச்சும் வேலைப்பாடும் கொண்ட அந்த நாணயங்கள் கண்ணைக் கவர்வன. எடுத்தவர் சிலர் மீண்டும் வைப்பதில்லை. பெட்டியில் இருப்பதாகப் பதிவேடு சொல்லும். பெட்டியைத் திறந்தால் காசு இராது. காவலர் இல்லை, அபராதம் இல்லை, நீதிமன்றம் இல்லை. வைப்பவனின் நாணயம் ஒன்றே நாணயத்துக்குக் காவல். இதனால் பட்டறிவு பெற்றவர்கள், மூல நாணயத்தை வீட்டில் வைத்துக்கொண்டு, அதன் எண்ணைத் தாங்கிய ஒரு நகலை மட்டும் ஊர் சுற்ற அனுப்புகிறார்கள். நகல் தொலைந்தால் மற்றொரு நகல் புறப்படும். சேர்ப்பவனுக்கும் பகிர்பவனுக்கும் இடையே நெடுநாளாக நடந்துவரும் வழக்குக்கு இது ஒரு நல்ல சமரசம் அன்றோ?

நண்பர்களே! இதைத் தங்கவயலில் வந்து ஏன் சொல்கிறாய் என்று நீங்கள் கேட்கலாம். தங்கவயலை விட இதற்கு ஏற்ற ஊர் வேறு இல்லை என்பதே என் விடை.

1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கம் நடத்தினார்கள். வட ஆர்க்காட்டிலிருந்தும், சேலத்திலிருந்தும், சித்தூரிலிருந்தும் நம் முன்னோர் வந்தார்கள். 1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்து அருவியிலிருந்து மின்சாரம் இந்த ஊருக்கு வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் சென்றது. 1956ஆம் ஆண்டில் மைசூர் அரசும், 1962ஆம் ஆண்டில் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் இந்த மண்ணிலிருந்து எடுத்த தங்கம் சுமார் 800 டன்.

அந்த 800 டன் இன்று எங்கே? யார் கழுத்தில் இருக்கிறது? எந்தப் பொக்கிஷ அறையில் அடுக்கியிருக்கிறது? எவராலும் சொல்ல முடியாது. பொன்னின் இயல்பு அது. உருக்கினால் பழைய உருவம் போய்விடும். பழைய பெயரும் போய்விடும். வேறு நாட்டுப் பொன்னோடு கலந்தால் பிரித்தறிய வழியில்லை. தங்கவயலில் பாறை உடைத்தவனின் மூச்சு அதில் எங்கும் எழுதப்படவில்லை. விலைமதிப்பற்ற பொருள் தடமின்றிப் போயிற்று. விலையே இல்லாத ஒரு விளையாட்டுக் காசோ தன் தடத்தை அங்குலம் அங்குலமாகச் சொல்கிறது. சுரங்கம் மூடிய அதே 2001ஆம் ஆண்டில்தான் அந்தக் காசு உலகின் வேறொரு மூலையில் பிறந்தது என்பதை எண்ணும்போது என் மனம் சற்றே நின்றுவிடுகிறது.

தடம் இன்றி நாணயங்கள் பயணம் செய்தது இன்று நேற்றன்று. 1898ஆம் ஆண்டில் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசன் முகத்தின் மேல் உளி வெட்டு இருக்கிறது. இனி இது காசாகச் செல்லாது என்பதற்காக வெட்டியிருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. நம்மில் பலர் நாள்தோறும் கடந்து செல்லும் பெங்களூர் யஷ்வந்தபுரத்திலும் 1891ஆம் ஆண்டில் 163 ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. காசைப் பார்த்து அது எந்த மன்னன் காலத்தில் பிறந்தது என்று சொல்கிறோம். எங்கே புதைந்தது என்பதையும் சொல்கிறோம். இடையில் அது எந்த மாலுமியின் முடிச்சில் இருந்தது, எந்த மிளகு மூட்டைக்கு விலையாயிற்று, எந்தப் பெண்ணின் கழுத்தில் தொங்கியது என்பதைக் காசு சொல்வதில்லை. பிறப்பும் இறப்பும் தெரியும், வாழ்க்கை தெரியாது.

இன்றைய நம் காசுகளும் அப்படியே. ஆண்டு எண்ணின் கீழே சிறு வைர வடிவம் இருந்தால் மும்பை அக்கசாலை. விண்மீன் இருந்தால் ஐதராபாத். புள்ளி இருந்தால் நொய்டா. குறியே இல்லையேல் கொல்கத்தா. 1918ஆம் ஆண்டில் பம்பாயில் அடித்த சவரனில் 'ஐ' என்னும் ஆங்கில எழுத்து மிகச் சிறிதாக இருக்கும். நம் பாட்டிமார் காசுமாலைகளை உருப்பெருக்கியில் பாருங்கள். பிறந்த ஊரை இவை சொல்லும். நடந்த வழியைச் சொல்லா.

ஆனால் பெயர் பொறித்த பொருள் பேசும். தாய்லாந்து நாட்டின் தென்பகுதியில் குவான் லுக் பட் என்னும் ஊரில் ஒரு சிறு உரைகல் கிடைத்திருக்கிறது. அதில் தமிழ்ப் பிராமி எழுத்தில், இது பெரும்பத்தனின் கல் என்னும் பொருள்பட எழுதியிருக்கிறது. பொன்னை உரைத்துப் பார்த்த தமிழ்த் தட்டான் ஒருவன் கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டளவில் கடல் கடந்து போயிருக்கிறான். அவன் உரைத்த பொன்னெல்லாம் மறைந்தது. அவன் பெயர் எழுதிய கல் நின்றது. அவ்வாறே நியூசிலாந்தில், 1836ஆம் ஆண்டளவில் வில்லியம் கொலென்சோ என்னும் பாதிரியார் ஒரு வெண்கல மணியைக் கண்டார். மாவோரிப் பெண்கள் அதில் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம். அது முகைதீன் பக்ஷ் என்பவருடைய கப்பலின் மணி என்று அதன் மேல் தமிழில் பொறித்திருந்தது. அந்தக் கப்பல் எப்படிப் போயிற்று என்பதற்குச் சான்று இல்லை. எனினும் ஒரு வரி எழுத்து, தமிழனின் தடத்தை உலகின் தென்கோடியில் காட்டி நிற்கிறது. ஒரு வரி எழுதி வைத்தால் போதும், பொருள் பேசும் என்பதற்கு இவற்றை விடச் சான்று வேண்டுமோ?

பொருளைச் சேர்ப்பவர் இரு வகையினர். பூட்டி வைப்பவர் ஒரு வகை. காட்டி வைப்பவர் மற்றொரு வகை. 'தினமலர்' ஆசிரியராக இருந்து 2021ஆம் ஆண்டில் மறைந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் இரண்டாம் வகையினர். சங்ககாலப் பாண்டியர் செப்புக்காசு ஒன்றில் 'பெருவழுதி' என்னும் பெயரை அவர் படித்தறிந்து உலகுக்கு அறிவித்தார். அதுவரை சங்ககால மன்னர்க்குச் சொந்தக் காசு உண்டா என்று ஐயுற்றோர் பலர். அவர் அக்காசைத் தம் பெட்டியில் அழகுக்காக வைத்திருந்தால், அது ஒரு பழைய செம்புத் துண்டு. படம் எடுத்து, எடை போட்டு, கட்டுரை எழுதி, நூலாக்கிப் பகிர்ந்ததால் அது தமிழர் வரலாற்றில் ஒரு பக்கம் ஆயிற்று. காசு அவரிடமே இருந்தது; அதன் அறிவு எல்லோரிடமும் நடந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எண்ணிட்டுத் தடம் பார்ப்பது பொருளுக்குத் தகும், மனிதனுக்குத் தகாது. இதனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தார்கள். 1930ஆம் ஆண்டில், சுரங்கத் தொழிலாளர் யாவரும் கைரேகை பதிய வேண்டும் என்று நிர்வாகம் கட்டளையிட்டபோது, தங்கவயல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தார்கள். "எங்களைக் குற்றவாளியாக்காதே, எங்கள் நடமாட்டத்தை உன் ஏட்டில் கட்டாதே" என்பதே அந்த எதிர்ப்பின் உட்பொருள். ஊர் சுற்றும் நாணயத்தின் பதிவேட்டிலும் இந்த நெறியை மறவாதீர்கள். காசு எங்கே போயிற்று என்பது கதை. அதைக் கொண்டுபோன பெண்ணின் வீட்டு முகவரி கதையன்று. எழுத விரும்பியவர் எழுதட்டும். பெயரை மறைக்க விரும்பியவர் புனைபெயர் இட்டுக்கொள்ளட்டும்.

இனி நம் செய்திக்கு வருகிறேன்.

சுரங்கம் மூடியபின் நம் மக்கள் சிதறினார்கள். விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூரில் வேலை செய்து இரவில் திரும்புவோர் ஆயிரக்கணக்கானோர். சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் அதற்கு அப்பாலும் குடியேறியவர் பலர். ஒவ்வொரு குடும்பமும் ஒரு பெட்டியை எடுத்துச் சென்றது. அப்பெட்டியில் என்ன இருக்கிறது? வெளிநாட்டுத் துரை கொடுத்த ஒரு காசு இருக்கலாம். கால்பந்துப் போட்டியில் தாத்தா வென்ற பதக்கம் இருக்கலாம். எண் பொறித்த பித்தளை வில்லை இருக்கலாம். சுரங்கத்துள் இறங்கியவன் மீண்டானா என்று அறிவதற்கு எண் வில்லையைக் கொடுத்து வாங்குவது, சுரங்கத் தொழில் நடந்த நாடுகள் பலவற்றிலும் இருந்த வழக்கம். மாலையில் வில்லை திரும்பாவிட்டால் ஒரு மனிதன் மண்ணுக்குள் இருக்கிறான் என்று பொருள். அத்தகைய வில்லை வெறும் பித்தளையா? ஆனால் பேரப்பிள்ளைகளுக்கு அதன் பொருள் தெரியாவிட்டால், அது எடைக்குப் போய்ப் பழைய பாத்திரத்தோடு உருகும். 800 டன் பொன்னுக்கு நேர்ந்த கதி, நம் கண்முன்னே இந்தப் பித்தளைக்கும் நேரும். பொன்னைக் காக்க நம் முன்னோர்க்கு உரிமை இல்லை. இதைக் காக்க நமக்கு உரிமை உண்டு. செய்யாவிட்டால் குறை நம்முடையதே.

ஆதலின் சங்கத்தின் முன் ஒரு திட்டத்தை வைக்கிறேன்.

முதலாவதாக, சங்கத்தின் பெயரில் 10 வில்லைகளைப் புதிதாக அடிப்போம். ஒருபுறம் சுரங்கத்தின் தூக்குக் கோபுரம். மறுபுறம் ஓர் எண். ஒவ்வொன்றோடும் ஒரு சிறு ஏடு செல்லட்டும். மாரிக்குப்பத்தில் ஒன்று, உரிகத்தில் ஒன்று, ராபர்ட்சன்பேட்டையில் ஒன்று, ஆண்டர்சன்பேட்டையில் ஒன்று எனத் தொடங்கட்டும். பெறுபவர் 30 நாளுக்குமேல் வைத்திருக்கலாகாது. தம் வீட்டிலுள்ள ஒரு பழம்பொருளைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு, வேறொரு தங்கவயல் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும். ஓராண்டு கழிந்து ஆண்டு விழாவுக்கு வில்லையும் ஏடும் திரும்ப வேண்டும். வந்த ஏடுகளை மலரில் அச்சிடுவோம்.

இரண்டாவதாக, மூலப்பொருள் ஊர் சுற்ற வேண்டாம். அதன் படமும் கதையும் சுற்றட்டும். நகலை அனுப்பி மூலத்தைக் காப்பது அனுபவசாலிகள் கண்ட வழி என்று முன்பே கூறினேன். இதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. 100 ஆண்டுக்கு மேற்பட்ட காசுகள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள். அவற்றை உரிய அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. நிலத்தில் புதையல் கிடைத்தால் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்பதும் சட்டம். புழக்கத்திலுள்ள காசை உருக்குவதும் சிதைப்பதும் 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி குற்றம். எனவே எண் பொறிக்க அரசின் காசைத் தொடாதீர்கள். நம் வில்லையை நாமே அடித்துக்கொள்வோம்.

மூன்றாவதாக, இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டியை மறைத்து விளையாட விரும்பினால் விளையாடுங்கள். கைபேசி ஒன்றே கருவியாகப் போதும். ஆனால் மூடிய சுரங்க வாய்களின் அருகிலும், சயனைடு மேடுகளின் மீதும் மறைக்காதீர்கள். ஆழக்குழி காத்திருக்கிறது, அந்த மண் உடலுக்கும் ஆகாது. ரயில் நிலையத்திலும் மறைக்காதீர்கள். கேட்பாரற்ற பெட்டியைக் கண்டால் காவல்துறை வரும், மக்கள் அஞ்சி ஓடுவர். இடத்துக்குரியவரிடம் அனுமதி கேட்டு, மண்ணைத் தோண்டாமல் வைப்பதே இவ்விளையாட்டின் விதி. நூலகத்து அலமாரியும், பள்ளிக்கூடத்து மேசையும், நம் சங்கத்து முகப்பும் போதாவோ?

"யாராவது வில்லையை வைத்துக்கொண்டு தராமல் போனால் என்ன செய்வது?" என்று ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. 10 வில்லை போனால் 3 திரும்பாமல் போகலாம். அதற்காக அஞ்சி 10 வில்லையையும் சங்கத்து இரும்புப் பெட்டியில் பூட்டினால், 10 கதைகளும் தொடங்காமலே முடியும். முன்பின் அறியாத அயல்நாட்டார் ஒருவரை ஒருவர் நம்பி, ஒரு காசைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். ஒரே லைன் வீடுகளில் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்து வளர்ந்த நாம், ஒருவரை ஒருவர் நம்ப முடியாதா?

அன்பர்களே! பையில் கிடக்கும் காசு உலோகம். கை மாறும்போதுதான் அது நாணயம். வாங்கியதைத் திரும்பக் கொடுக்கும்போதுதான் மனிதனும் நாணயமானவன். இரு பொருளையும் ஒரே சொல்லில் வைத்த நம் மொழியின் பெயரால் கேட்கிறேன்: வீட்டுக்குச் சென்றதும் அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது எதுவாயினும், அது யாருடையது, எப்போது வந்தது என்று ஒரு தாளில் எழுதி, அதனோடு சேர்த்து வையுங்கள். அந்தத் தாளின் படி ஒன்றை அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். முதல் வில்லை அன்றே உங்கள் கையில் தரப்படும்.